அஞ்சுதெங்கு கோட்டை: போய்விட்டு வந்ததிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து எல்லையான களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் எங்கே போனாலும் திரும்பி வந்ததும் வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். அஞ்சுதெங்கு கோட்டைக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். மாமா, சித்தி, அண்ணன் பிள்ளைகள், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஆளாளுக்குக் கேட்டதையும், நான் சொன்னதையும், அப்புறம் வீட்டுக்கு வந்து படித்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அஞ்சுதெங்கு எங்கே இருக்கிறது? நம்ம பக்கத்திலிருந்து எப்படிப் போவது?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, வர்க்கலைக்கு கொஞ்சம் தெற்கே, கடலோரத்தில். முன்னால் அரபிக்கடல், பின்னால் காயல், நடுவில் ஒரு ஒடுங்கிய மணல் திட்டு, அதன்மேல்தான் ஊரும் கோட்டையும். குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ பாசஞ்சர் ஏறினால் கடைக்காவூர் ஸ்டேஷனில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோ. எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது, பார்த்து ஏறுங்கள். முதல் தடவை நான் பார்க்காமல் ஏறி, வர்க்கலையில் இறங்கி, வந்த வழியே திரும்பினேன்.

பேருக்கு என்ன அர்த்தம்?

அஞ்சு தெங்கு, அதாவது ஐந்து தென்னை. தெங்கு பழைய தமிழ்ச் சொல். தெங்கின் காய்தான் தேங்காய். காயை வைத்துக்கொண்டு மரத்தின் பேரை நாம் மறந்துவிட்டோம், மலையாளத்தில் இன்றைக்கும் தெங்குதான். வெள்ளைக்காரன் வாயில் இது 'அஞ்செங்கோ' ஆனது, பழைய ஆவணங்களில் அப்படித்தான் இருக்கும். ஐந்தே ஐந்து மரம் எங்கே என்று அண்ணன் மகன் அங்கே நின்று எண்ண ஆரம்பித்தான். ஐந்நூறுக்கு மேல் போனதும் விட்டுவிட்டான்.

யார் கட்டியது? போர்த்துகீசியரா, டச்சுக்காரரா?

ரெண்டு பேரும் இல்லை, இங்கிலீஷ் கம்பெனி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே கடை போட 1684இல் ஆற்றிங்கல் ராணி இடம் கொடுத்தார். கோட்டை கட்டவும் பிறகு அனுமதி கிடைத்து, 1695 வாக்கில் கட்டி முடித்தார்கள். ஆற்றிங்கல் ராணி என்பது நாம் நினைக்கிற மாதிரி ஒரு ராஜாவின் மனைவி அல்ல. வேணாட்டு (பிற்காலத் திருவிதாங்கூர்) அரச குடும்பத்தில் மருமக்கள் வழி, அதாவது பெண்வழி வாரிசு முறை என்பதால், அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குத் தனி நிலமும் தனி அதிகாரமும் இருந்தன, அந்தப் பெண்தான் ஆற்றிங்கல் ராணி. கம்பெனி போய் நின்றது அந்த வாசலில்.

அந்த நேரத்தில் கொச்சியும் கொல்லமும் டச்சுக்காரர் கையில் இருந்தன. நல்லமிளகு (மிளகை நம்ம பக்கம் இப்படித்தான் சொல்வோம்) மொத்தமும் அவர்களுக்கே போவதை ராணி விரும்பவில்லை, இன்னொரு வியாபாரி வந்தால் விலை கேட்கலாம். கம்பெனிக்கும் அதே கணக்கு.

துறைமுகமே இல்லையே, அலை அடிக்கிற திறந்த கடற்கரையில் ஏன் போய்க் கோட்டை கட்டினான்?

இது என் அப்பா கேட்டது, நல்ல கேள்வி. அங்கே கப்பல் கரைக்கு வரவே முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, வள்ளத்தில் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. பாதுகாப்புக்கென்று ஒருவன் இடம் தேடினால் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

ஆனால் கோட்டைக்கு வெளியே வந்து கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். பின்னால் காயல். அந்தக் காயலில் வந்து சேருவது வாமனபுரம் ஆறு. ஆற்றில் மேலே போனால் ஆற்றிங்கல், அதற்கும் மேலே மலை, மலையில் நல்லமிளகு. மூட்டை மூட்டையாக வள்ளத்தில் ஏற்றினால் தலைச்சுமை இல்லாமல் கோட்டைக்குப் பின்வாசல் வரை வந்துவிடும். அதனால்தான் நான் யாரிடமும் இதைக் கோட்டை என்று சொல்வதைவிட கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு என்று சொல்கிறேன். பீரங்கி வைத்த மிளகுக் கிட்டங்கி. போர்க்களம், ராஜா, யானை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மிளகு, எடை, பாக்கி, கமிஷன் என்று யோசித்துப் பார்த்தால் அங்கே நடந்த அத்தனையும் விளங்கும்.

பிற்காலத்தில் வேறு உபயோகமும் வந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல்களைப் பற்றி முதலில் தகவல் கிடைக்கும் இடம் இதுதான். கர்நாடகப் போர்களின்போது வெடிமருந்து, ஆயுதம் சேர்த்து வைக்கவும் பயன்பட்டது. அப்போதும் கிட்டங்கிதான் பாருங்கள், சரக்குதான் மாறியது.

என்ன கல்லில் கட்டியது? நம்ம வட்டக்கோட்டை மாதிரியா?

இல்லை. கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டை கருங்கல். இது வெட்டுகல், நம்ம பக்கம் பழைய வீடுகளின் சுவரில் பார்த்திருப்பீர்களே அந்தச் செந்நிறக் கல்தான். தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் செம்புராங்கல் என்பார்கள். பூமிக்குள் இருக்கும்போது மெத்தென்று இருக்கும், மழுவால் செங்கல் மாதிரி வெட்டி எடுக்கலாம், வெளியே காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். கடலோரத்தில் அவசரமாகக் கட்டுகிறவனுக்கு இதைவிடத் தோதான கல் கிடையாது.

பக்கத்தில் போய்ச் சுவரைத் தடவிப் பாருங்கள். கல் முழுக்க ஓட்டை ஓட்டையாக, எறும்புப் புற்றை வெட்டி அடுக்கின மாதிரி இருக்கும். உப்புக்காற்று தின்ற இடத்தில் கல் குழிந்து, இடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்து மட்டும் விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுப் பழைய சுவரிலும் மழைக்காலத்துக்குப் பிறகு இதே கோலம்தான். அப்பா அங்கே ஒரு அரை மணி நேரம் வரலாற்றை விட்டுவிட்டுப் பூச்சு வேலையைப் பற்றியே பேசினார்.

1721இல் அங்கே என்ன நடந்தது? கலவரமா, புரட்சியா?

கேரளத்தில் 'ஆற்றிங்கல் கலாபம்' என்பார்கள். இங்கிலீஷ்காரருக்கு எதிரான முதல் ஒழுங்கான எழுச்சி இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள், 1857க்கு 136 வருடம் முன்னால். இங்கிலீஷ்காரன் எழுதினதில் இது நம்பிக்கைத் துரோகம், படுகொலை. எனக்கென்னவோ முதலில் இது கணக்கு வழக்கில் ஆரம்பித்த சண்டை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அப்போது அஞ்சுதெங்கில் கம்பெனியின் தலைவன் வில்லியம் கிஃபோர்ட். கம்பெனி வியாபாரத்தோடு தன் சொந்த வியாபாரத்தையும் சேர்த்து நடத்தினவன். மிளகு விலையில் அடித்தான், எடையில் அடித்தான் என்று பெயர். அவனுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் இக்னாசியோ மல்ஹெய்ரோஸ் என்ற போர்த்துகீசியன். இவன் கோயில் நிலங்களை ஈடாகப் பிடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். ஊரில் பெரும் நிலம் வைத்திருந்த பிள்ளைமாருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

அதற்கு மேல் ஒரு சம்பவம். கணக்குத் தீர்க்க சில முஸ்லிம் வியாபாரிகள் அந்த மொழிபெயர்ப்பாளன் வீட்டுக்கு வந்தார்கள். அவன் வீட்டுப் பெண் அவர்கள்மேல் ஹோலிப் பொடியைத் தூவிவிட்டாள். பெரிய அவமானம், வாள் உருவும் அளவுக்குப் போய்விட்டது. நியாயம் கேட்டு கிஃபோர்டிடம் வந்தால், அவன் என்ன செய்தான்? அவர்களுடைய வாள்களைப் பிடுங்கி அவர்கள் தலைக்கு மேலேயே ஒடித்து, கோட்டையை விட்டு வெளியே துரத்தினான். இவ்வளவையும் செய்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

1721 ஏப்ரலில் ராணிக்குக் கொடுக்க வேண்டிய காணிக்கைகளைத் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பினான். சுமார் 140 பேர் கூட. கோட்டையில் கை கால் நன்றாக இருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த ஊர்வலத்தில் போய்விட்டார்கள். ஆற்றிங்கலில் கூட்டம் கூடியது, பேச்சு நீண்டது, ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னார்கள். தங்கினவர்களைப் பிரித்துப் பிரித்து வைத்து இரவில் தாக்கினார்கள். காயத்தோடு தப்பிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கிஃபோர்டை ஒரு மரக்கட்டையில் வைத்து அறைந்து ஆற்றில் விட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். மிளகு வந்த அதே ஆறு.

ஒரு ஆளைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். சைமன் கௌஸ் என்று ஒரு பழைய வியாபாரி, ஊர் மொழி தெரிந்தவர், ஊர் மக்களோடு ஒத்துப்போனவர். அவரும் கூடப் போயிருந்தார், அவரும் திரும்பவில்லை.

கிஃபோர்ட் கடைசியாக ஒரு சீட்டு அனுப்பினானாமே, அது நிஜமா?

நிஜம். ஆபத்து புரிந்ததும் கோட்டைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினான். சாராம்சம் இதுதான்: இங்கே நம்மை ஏமாற்றுகிறார்கள், அங்கே ஜாக்கிரதையாக இருங்கள், ராத்திரிக்குள் வந்துவிடுவோம் என்று நினைக்கிறேன், பெண்களைப் பயமுறுத்த வேண்டாம், எங்களுக்குப் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. கடைசி வரி, சீட்டைக் கொண்டுவருபவனுக்கு ஒரு பொற்காசு கொடுத்துவிடவும். சாகப் போகிற நேரத்திலும் கூலி பேசி எழுதியிருக்கிறான். சித்தி இதைக் கேட்டுவிட்டு "ஆளு கெட்டவன்னாலும் பொண்டாட்டிய நெனச்சான்லா" என்றார்.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? கோட்டை விழவில்லையா?

விழவில்லை. மிஞ்சினது நோயாளிகளும் கிழவர்களும் காயம் பட்டவர்களும்தான். சாமுவேல் இன்ஸ் என்ற பீரங்கிக்காரர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் வேலையாக மூன்று வெள்ளைக்காரப் பெண்களைப் பிள்ளைகளோடு கரைக்கு அப்பால் நின்ற ஒரு சின்னக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார், போய்ச் சேர ஒரு மாதம் ஆனது. பிறகு ஆறு மாத முற்றுகை. வெளியே இருந்த கிட்டங்கிகளும் வீடுகளும் போயின, கோட்டை நின்றது. தலச்சேரியிலிருந்து 300 பேரோடு உதவி வந்து சேர்ந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி கிஃபோர்டின் மனைவி கேதரின். இவள் கதையைக் கேட்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதில் வங்காளத்துக்குப் போகிற குடும்பத்தோடு வந்தவளைக் கப்பல் கார்வாரில் நின்ற சமயத்தில், 1709இல், அங்கிருந்த கம்பெனித் தலைவனான ஒரு கிழவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் செத்தான். இரண்டாவது புருஷனோடு கடலில் போகும்போது மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் கப்பல்கள் மறித்தன, பீரங்கிக் குண்டில் அவன் செத்தான், கர்ப்பிணியான இவளைச் சிறைப்பிடித்தார்கள். மீட்டு வந்த பிறகு மூன்றாவதாக கிஃபோர்ட். மூன்றாவது தாலியும் அறுந்தபோது இவளுக்கு வயது இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். கம்பெனி இதோடாவது விட்டதா என்றால் இல்லை. கிஃபோர்ட் வைத்த பாக்கிக்கு இவளைப் பிடித்துக்கொண்டது, வருடக்கணக்கில் அந்த வழக்கு இழுத்தது. கணக்குதான் எல்லாம் என்று முதலிலேயே சொன்னேன்.

இதற்கும் மார்த்தாண்ட வர்மாவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆற்றிங்கல் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனிக்குப் பலமான ஒரு கூட்டாளி தேவைப்பட்டது. பிள்ளைமாரை அடக்க வேண்டும் என்று நினைத்த திருவிதாங்கூர் அரண்மனைக்கும் அதே தேவை. 1723இல் அஞ்சுதெங்கின் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஓர்முடன் திருவிதாங்கூர் ஒரு ஒப்பந்தம் போட்டது, அரண்மனைப் பக்கம் கையெழுத்துப் போட்டவர் அப்போது இளவரசராக இருந்த மார்த்தாண்ட வர்மா. 1729இல் ராஜாவானார். பிள்ளைமாரை அவர் ஒடுக்கின கதையை நம்ம பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்.

பிறகு 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, டச்சுத் தளபதி டிலனாய் பிடிபட்டது, அவரே திருவிதாங்கூர் படையைப் பழக்கினது, வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினது எல்லாம் தொடர்ச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கும், பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், தக்கலை பக்கம்தானே.

வேலுத்தம்பி தளவாய் இந்தக் கோட்டையைப் பிடித்தாரா?

பிடிக்கவில்லை. அவர் திருவிதாங்கூரின் தளவாய், அதாவது முதன்மை மந்திரி. 1809இல் கம்பெனியோடு சண்டை வந்தபோது அஞ்சுதெங்குக் கடல்வழியை மறித்தார்கள், அவ்வளவுதான். தளவாய் தலக்குளத்துக்காரர் என்பதால் நம்மவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். அதற்குள் அஞ்சுதெங்கு வியாபாரமும் படுத்துவிட்டது, அடுத்த சில வருடங்களில் கம்பெனி அங்கிருந்த வியாபார அதிகாரி பதவியையே எடுத்துவிட்டது.

ஒரு காலத்தில் அஞ்சுதெங்கு திருநெல்வேலி ஜில்லாவில் இருந்ததாமே, சும்மா சொல்கிறார்களா?

சும்மா இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்கு நடுவில் அஞ்சுதெங்கும் கொல்லத்துத் தங்கசேரியும் மட்டும் பிரிட்டிஷ் மண், சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. முதலில் மலபார் ஜில்லாவில் சேர்த்திருந்தார்கள். 1906இல் அஞ்சுதெங்கு என்றே ஒரு குட்டி ஜில்லா உண்டாக்கினார்கள். பிறகு திருநெல்வேலியோடு சேர்த்தார்கள். கடற்கரையில் வலை உலர்த்துகிற ஊருக்குக் கலெக்டர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். 1950இல்தான் இந்த இரண்டு துண்டும் திருவிதாங்கூர்-கொச்சிக்குப் போயின.

நம்ம கன்னியாகுமரிக்காரர்களோ 1956இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தவர்கள். செங்கோட்டையும் அப்படியே. எல்லையில் பிறந்தவனுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் பக்கத்து வீட்டு வரப்புத் தகராறு மாதிரி, கேட்கக் கேட்க ருசி.

உள்ளே என்ன இருக்கிறது? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் முதலிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சதுரமான சுவர், நான்கு மூலையிலும் கொத்தளம், நடுவில் புல். தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, சுத்தமாக இருக்கிறது. மூலையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயலும் தென்னந்தோப்பும். மத்தியானம் போகாதீர்கள், நிழல் கிடையாது. பக்கத்திலேயே கலங்கரை விளக்கம், ஆனால் அது 1988இல்தான் கட்டியது. அதையும் வெள்ளைக்காரன் கட்டினான் என்று எங்களோடு வந்த ஒருவர் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பழைய கல்லறைகள் உண்டு, 1704ஆம் வருடத்துக் கல்லறை வரை இருக்கிறது. இங்கே பிறந்தவர்களிலும் இரண்டு பேர் பெயர் பெற்றார்கள். ஒருவர் ராபர்ட் ஓர்ம், 1728இல் பிறந்தவர், மேலே சொன்ன அலெக்சாண்டரின் மகன், கர்நாடகப் போர்களின் வரலாற்றை எழுதியவர். இன்னொருத்தி எலிசா டிரேப்பர், 1744இல் பிறந்தவள். லண்டனில் லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற வயதான எழுத்தாளர் இவள்மேல் பைத்தியமாக இருந்தார். இந்த ஊருக்கு வடக்கே ஒட்டின காயிக்கரையில்தான் மலையாளக் கவிஞர் குமாரனாசானும் பிறந்தார், 1873இல். எனக்கு அவரைப் பார்க்கத்தான் ஆசை அதிகம், அங்கே நினைவிடம் உண்டு, சேர்த்துப் பார்த்துவிடலாம்.

சுரங்கம் இருக்கிறதாமே, கடலுக்குப் போகுமாமே?

கோட்டை என்றால் சுரங்கம் இல்லாமலா! அடைத்து வைத்த ஒரு வாய் இருக்கிறது, காட்டுவார்கள். அதற்கு மேல் உள்ளதெல்லாம் வாய்ப்பேச்சு. பத்மநாபபுரத்தில் கேட்டாலும் சுரங்கம் சுசீந்திரம் போகும் என்பார்கள், அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கசேரிக்கும் ஒரே நாளில் போகலாமா?

காலை வண்டியில் போனால் முடியும், கொல்லம் தூரமில்லை. அங்கே போர்த்துகீசியர் 1519இல் கட்டின கோட்டையின் ஒரு துண்டுச் சுவர் மட்டும் நிற்கிறது, 1902இல் எழுப்பின கலங்கரை விளக்கமும் இருக்கிறது.

வரும்போது நல்லமிளகு வாங்கி வந்தாயா?

மாமாவின் கேள்வி, ஒவ்வொரு தடவையும். அங்கே மிளகு வியாபாரம் போய் இருநூறு வருடம் ஆகிவிட்டது மாமா. இப்போது அந்த ஊர்ப் பேரில் ஓடுவது கயிறு. தேங்காய் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுத்துத் திரிக்கிற கயிற்றில் 'அஞ்செங்கோ' என்றே ஒரு ரகம் உண்டு, கயிறு வியாபாரிகளுக்குத் தெரியும். ஊறின மட்டை வாடை காற்று அடிக்கிற பக்கம் எல்லாம் வரும், மூக்கைப் பொத்தினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். கடைசித் தடவை ஒரு அம்மா திண்ணையில் ராட்டுக்கு எதிரே பின்னோக்கி நடந்து நடந்து திரித்துக்கொண்டிருந்தார். நான் பேசின தமிழைக் கேட்டு "பாறசாலைக்கு அங்ஙட்டா?" என்றார், எல்லைக்கு அந்தப் பக்கமா என்று. ஆமா என்றேன். ஒரு சுருள் வாங்கி வந்தேன். அதுதான் இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணிக் கொடியாகக் கிடக்கிறது, வந்தால் பாருங்கள்.